கிழிந்து வந்த கொங்காடை

நான் காங்கயத்துப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் மேகம் வந்தால் ஒறம்பரை, அதுதான் விருந்தாளி, வந்த மாதிரி வாசலில் நின்று பார்ப்போம். பார்த்தால் அது நம் வீட்டு ஒறம்பரையாக இருக்காது, அடுத்த ஊருக்குப் போகிறதாக இருக்கும். அப்படிப்பட்டவன் மழை ஊரைப் பற்றிக் கதை சொல்ல வந்துவிட்டான் என்று சிரிக்காதீர்கள். பசித்தவனுக்குத்தான் சோற்றைப் பற்றிப் பேச வரும். பேசாமல் கேளுங்கள்.

ரோமாபுரி பாதி உலகத்தைக் கட்டி ஆண்டுகொண்டிருந்த காலத்தில், அந்த ராஜ்யத்தின் வடமேற்குக் கோடியில், பிரித்தானியா என்ற மாகாணத்தில், மலைக்கும் சேற்றுக்கும் நடுவே வெர்னாக் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே மழை பெய்யாத நாளை நல்ல நாள் என்று சொல்லமாட்டார்கள், என்னமோ நடக்கப்போகிறது என்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் மழையைத் திட்டிக்கொண்டும் இருக்கவில்லை, பயந்து குகைக்குள் ஒண்டவும் இல்லை; தறியில் உட்கார்ந்து அதற்கு ஒரு வழி செய்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் கம்பளியை மூலை மடித்துத் தலையில் கவிழ்த்து முதுகோடு தொங்கவிட்டுக்கொள்வார்களே, கொங்காடை என்று, அதையே தலைக்கூம்போடு சேர்த்துத் தறியிலேயே ஒரே துண்டாக நெய்து, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடுகிற மாதிரி செய்தார்கள். ரோமாபுரிக்காரர்கள் அதற்குத் தங்கள் பாஷையில் வாய் நிறைய ஒரு பேர் வைத்திருந்தார்கள். எனக்கு அது கொங்காடைதான். அந்த ஊர் ஜனங்களும் இந்தக் கதையில் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் பேசுவார்கள், எனக்கு வேறு பேச்சு வராது.

அந்தக் கொங்காடையைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். உடம்புக்கு மலைச் செம்மறியின் ரோமம். கறுப்பென்றும் சொல்ல முடியாத பழுப்பென்றும் சொல்ல முடியாத குட்டை ஆடு, கோடை வந்தால் ரோமம் தானாகவே கழலும், கையாலேயே பறித்து எடுத்துவிடுவார்கள். எடுத்த ரோமத்தைத் துவைக்கமாட்டார்கள். துவைத்தால் ஆட்டின் உடம்புப் பிசுக்குப் போய்விடும், பிசுக்குப் போனால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆகையால் அந்த ஆடு ஆயுசெல்லாம் மழையில் நின்று நின்று சேர்த்துவைத்த எண்ணெயோடேயே நூற்று, எண்ணெயோடேயே நெய்து, பிறகு மரத்தொட்டியில் பச்சைத் தண்ணீரில் போட்டு, பெண்கள் நாலைந்து பேர் சேலையைத் தூக்கிச் செருகுகிற மாதிரி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, பாட்டுப் பாடி மிதித்து மிதித்து, இழை எது இடுக்கு எது என்று தெரியாத அளவுக்கு அதைக் கெட்டியாக்குவார்கள். கீழ் ஓரத்துக்கு வெள்ளாட்டு மயிர், ஏனென்றால் அதில் சேறு தங்காது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். தலைக்கூம்புக்கு இரட்டை இழை. கழுத்தை இறுக்க மான்தோல் வார். மாட்டுத்தோலிலேயே முழுசாகச் செய்து பார்த்தவனும் உண்டு, விறைத்துப்போய் ஆள் கழற்றின பிறகும் அது தனியாக நின்றது. ஆளிச் செடி நாரில் நெய்து பார்த்தவளும் உண்டு, முதல் தூறலிலேயே ஈரக்கோவணம் மாதிரி தொங்கியது. மழை பெய்தால் ஆடு என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை, அது பாட்டுக்கு மேய்கிறது. அந்த அலட்சியத்தை எடுத்து மனிதனுக்குப் போர்த்திவிட்டார்கள் பாருங்கள், அடேயப்பா, என்ன மூளை! எந்தச் சக்கரவர்த்தி கிரீடத்தையும் இதன் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வராது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்தில் உச்சி மேய்ச்சலில் இருக்கிறவனுடைய கொங்காடை முள்ளிலோ பாறையிலோ மாட்டிக் கிழிந்துவிட்டால் அவன் இறங்கி வரமாட்டான், வந்தால் ஆட்டை யார் பார்ப்பது? கீழே போகிற எவர் கையிலாவது கொடுத்தனுப்புவான், ஆளே இல்லையென்றால் வழி தெரிந்த கிடாயின் முதுகில் கட்டிக் கொங்காடையை மட்டும் ஊருக்கு அனுப்புவான். அனுப்பிவிட்டு ஒரு பாறைப் பொந்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அது தைத்துத் திரும்பி வருகிற வரைக்கும் குளிரில் உட்கார்ந்திருப்பான். அதனால் கிழிந்த கொங்காடை வாசலுக்கு வந்தால், அது எதிரி வீட்டுடையதாகவே இருந்தாலும், கொதிக்கிற கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு ஊசியை எடுக்க வேண்டும். "எங்கியோ ஒரு உடம்பு நடுங்கிட்டு உக்காந்திருக்குது" என்பார்கள். இதற்கு விலக்கு ஒன்றே ஒன்றுதான். செத்தவன் கொங்காடையைத் தைக்கக் கூடாது. அது கிழிந்தது கிழிந்தபடியே அவன் வீட்டில் இருக்கும், ஊரை விட்டுப் போகாது.

இந்த ஊரில் எனிக்கா என்று ஒருத்தி. தறியில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. அவள் புருஷன் பேர் லோவெர்ன். அந்தப் பேருக்கு அவர்கள் பாஷையில் நரி என்று அர்த்தமாம், ஆனால் ஆள் ஆட்டுக்குட்டி. எல்லாவற்றுக்கும் சிரிப்பான், எதையும் சரியாகச் செய்யமாட்டான், ஊசியைக் கையில் கொடுத்தால் சாக்குக்கு வாய் கட்டுகிற மாதிரி தைத்துவைப்பான். இருந்தும் அவனை எனிக்கா உயிராக வைத்திருந்தாள், காரணமெல்லாம் கேட்காதீர்கள். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முழுசாகப் போகவில்லை, ரோமாபுரிப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்று வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தன் கையால் நெய்த கொங்காடையை அவனுக்குப் போட்டு வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, "கிழிஞ்சுதுன்னா அப்பிடியே போட்டுட்டுத் திரியாதீங்க, தெச்சுப் போடுங்க" என்றாள். "நான் தெச்சா நீயே ஒத்துக்க மாட்டே, உன்கிட்டயே அனுப்பறேன்" என்று சிரித்துக்கொண்டே போனான். போனவன் போனவன்தான். மழைக்காலங்கள் வந்தன, போயின. ஒரு சேதியும் இல்லை.

பிறகு ஒரு மத்தியான நேரம், பெண்கள் தொட்டியில் நின்று கம்பளி மிதித்துக்கொண்டிருக்கையில், மழைக்குள்ளே மலைப்பாதையில் ஒரு கொங்காடை இறங்கி வந்தது. யாரோ ஒரு ஆள் வருகிறான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஆலோனா, எந்த ஆளைப் பார்த்தாலும் முதலில் பேச்சுக் கொடுக்கிறவள், "யாருங்க அது? எந்த ஊருக்குங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. தொட்டியைத் தாண்டி அது போகும்போது ஆலோனா குனிந்து தலைக்கூம்புக்குள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே முகம் இல்லை. கீழே பார்த்தாள். கால் இல்லை. சேற்றில் பாதச் சுவடும் இல்லை, வெள்ளாட்டு மயிர் ஓரம் உரசின கோடு மட்டும் இருந்தது. "அக்கா" என்று, நெசவை அடையாளம் கண்டுகொண்டு, எனிக்காவைப் பார்த்துச் சொன்னாள், "உங்க ஊட்டுக்காரரோட கொங்காடை வந்திருக்குது. அவரைக் காணோம்."

எனிக்கா தொட்டியிலிருந்து இறங்கி, காலைக்கூடத் துடைக்காமல் அதன் பின்னாலேயே நடந்தாள். அது அவள் வீட்டு வாசலில் போய் நின்று, உள்ளே போகாமல், கூரைத் தண்ணீர் தோளில் சொட்டச் சொட்டத் தயங்கியது. லோவெர்னும் அப்படித்தான், பிந்தி வந்தால் வாசலிலேயே நிற்பான். "நனஞ்சுட்டு நிக்காம உள்ள வாங்க" என்றாள் எனிக்கா. "வந்து கதவைச் சாத்துங்க, காத்து அடிக்குது." கொங்காடை உள்ளே வந்து, அடுப்புக்கு இந்தப் பக்கம், அவன் வழக்கமாக உட்காருகிற இடத்தில், தோள் நிமிர்ந்து, முழங்கால் மடங்கி, உட்கார்ந்தது. அவள் கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

அன்றைக்கு ஊரே வந்தது. எதற்கு வந்தது என்கிறீர்கள்? அதிசயத்தைப் பார்க்கவா? அதெல்லாம் வாசலில் வரும்போதே பார்த்து முடித்தாகிவிட்டது. உள்ளே வந்த பிறகு பிரச்சினையெல்லாம் மரியாதையைப் பற்றித்தான். ஊர்த் தலைவர் செனோவர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், இது உட்கார்ந்தே இருக்கிறதே, தப்பா சரியா? வந்த ஒறம்பரைக்குக் கஞ்சி ஊற்றி வைக்க வேண்டும், வாய் இல்லாத ஒறம்பரைக்கு வைத்தால் கிண்டல் செய்கிற மாதிரி ஆகாதா? கடைசியில் செனோவரே, "கலயத்தை வெச்சிருங்க, குடிச்சாக் குடிக்கட்டும், குடிக்காட்டி நாய்க்கு ஊத்து" என்று தீர்ப்புச் சொன்னார். அது குடிக்கவில்லை, ஆனால் ஆவி வருகிற பக்கமாகத் தலைக்கூம்பைச் சாய்த்தது. பெண்களுக்கு அது போதும். "மணத்தைப் புடிக்குது பாரு, பாவம், எத்தனை நாளாச்சோ" என்றார்கள்.

அந்த ஊரில் மால்க்கு என்று ஒருவர் இருந்தார். சிரியாக்காரர், பட்டாளத்தில் ஊழியம் முடித்து, இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு, பார்லிச் சாராயம் காய்ச்சி விற்றுக்கொண்டு, வெயிலை நினைத்து ஏங்கிக்கொண்டு கிடந்தவர். அவர் கொங்காடையைச் சுற்றிச் சுற்றி வந்து, அதிலிருந்த ஒட்டுகளை விரலால் தடவி ஒவ்வொன்றாகச் சொன்னார். விலாப் பக்கத்தில் இருந்த சிவப்பு முரட்டுக் கம்பளி கடலுக்கு அக்கரைக் கோல் நாட்டுடையது. முதுகில் ஒரு துண்டு, அது நெய்ததே இல்லை, ரோமத்தை நனைத்து அடித்து அடித்தே துணியாக்கியது, டான்யூப் ஆற்றுப் பக்கத்துக் குதிரைக்காரர்களுடைய வேலை. ஓரத்தில் சிலிசியா வெள்ளாட்டு மயிர், கறுகறுவென்று, கப்பல் கயிறு மாதிரி. கடைசியாக நெஞ்சில் ஒரு மஞ்சள் ஒட்டு. அதைத் தொட்டதும் மால்க்கு பேச்சை நிறுத்திவிட்டு அதில் முகத்தை வைத்து மோந்தார். "ஒட்டக மயிர்" என்றார். "எங்க ஊருங்க. லோவெர்ன் எங்க ஊர் வரைக்கும் போயிருக்கறான்." பெரிய மனிதர், நாலு பேர் முன்னால் மூக்கை உறிஞ்சினார். அந்த ஒரு துணியில் உலகத்தின் பாதி ஒட்டியிருந்தது, ஆட்டில் தொடங்கி ஒட்டகத்தில் முடிந்தது. எனிக்கா ஒட்டுகளைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தாள். எல்லாம் சாக்குத் தையல். "அவரேதான் தெச்சிருக்கறாரு" என்றாள்.

ஒரே ஓர் இடம் மட்டும் தைக்காமல் கிடந்தது. இடது தோளில், கை நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல்.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அடுப்பைப் பார்த்தார்கள். மற்ற எல்லாரும் போன பிறகு ஆலோனாதான் வாயைத் திறந்தாள். "அக்கா, தோள் கிழிஞ்சிருக்குது."

"தெரியுது."

"வழக்கப்படி..."

"வழக்கம் எனக்கும் தெரியும். தெச்சாப் போயிருமே, கண்ணு. தெச்ச கொங்காடை எங்க நிக்கும்? எத்தனை வருசம் கழிச்சு இன்னிக்கித்தான் எனக்கு எதுக்க ஒரு தோளு உக்காந்திருக்குது. சித்தே இருக்கட்டும்."

சித்தே என்ற கொஞ்ச நேரம் நாளாகி, நாள் மாதமாகி, அந்த மழைக்காலம் பாதியும் போயிற்று. கொங்காடையை ஊர் பழகிவிட்டது. ஆடு மேய்க்கக் கிளம்புகிறவர்கள் கதவைத் தட்டி "வர்றீங்களா?" என்று கேட்டால் எழுந்து போகும், உச்சியில் மந்தைக்கு நடுவிலேயே புகுந்து ஆடுகளின் வெதுவெதுப்பில் ஒண்டிக்கொண்டு நிற்கும், அது நிற்கிற பக்கம் ஓநாய் எட்டிப் பார்க்கவில்லை, ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தவறவில்லை. ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே மழை சாய்ந்து அடித்தபோது, அது போய்த் தன்னை விரித்து மறைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அது வராத கல்யாணம் விளங்காது என்று பேச்சாகிவிட்டது. ஆண்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வரப்புத் தகராறெல்லாம் சொன்னார்கள், அது மறுத்துப் பேசாததால் தங்கள் பக்கம்தான் நியாயம் என்று எழுந்து போனார்கள். பெண்கள், "ஊருக்குள்ள குறுக்க பேசாத ஒரே ஆம்பளை இதுதான், அதுக்கும் உள்ள ஆளில்லை" என்று சிரித்தார்கள். எனிக்காவும் சிரித்தாள். தறியில் உட்கார்ந்துகொண்டு, அவன் போன நாளிலிருந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அதனிடம் சொன்னாள். சொல்லும்போது இடது தோள் பக்கம் மட்டும் பார்க்காமல் சொன்னாள்.

இப்படி இருக்கையில்தான் கோட்டையிலிருந்து கணக்கர் வந்தார். வருஷத்துக்கு இத்தனை கொங்காடை பட்டாளத்துக்கு நெய்து கொடுக்க வேண்டும் என்று ஊர்மேல் வரி. எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க வந்தவர், எனிக்கா வீட்டில் இதைப் பார்த்தார். அவர் போட்டிருந்தது பட்டணத்தில் வெள்ளையாகத் துவைத்து நெய்த மெல்லிய கம்பளி, மேலெல்லாம் சொதசொதவென்று நனைந்து தும்மிக்கொண்டே பேசினார்.

"இது பட்டாளத்து ஆள்தானே? உத்தரவு இல்லாம ஊருக்கு ஓடி வந்திருக்கான்."

செனோவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஆளு வந்தா ஓடி வந்ததுங்க. துணி மட்டும் வந்தா, அது தையலுக்கு வந்ததுங்க."

கணக்கர் தலைக்கூம்பை விலக்கி உள்ளே பார்த்தார், மறுபடி தும்மினார், கொஞ்ச நேரம் யோசித்தார். அவரும் மோசமான ஆள் இல்லை, தலைக்கு மேல் ஆள் இருக்கிற ஆள். "அப்ப ரெண்டுல ஒண்ணு. இவன் உசுரோட இருந்தா இது பட்டாளத்துத் துணி, மழைக்காலம் முடிஞ்சு வண்டி வரும்போது மத்ததோட ஏத்தி அனுப்பணும், வேற எவனுக்காவது போட்டுவிடுவாங்க. செத்துப்போயிருந்தா இது பொண்டாட்டிக்குச் சொந்தம். நீங்களே முறைப்படி சொல்லிருங்க" என்றுவிட்டு நனைந்துகொண்டே போய்விட்டார்.

ஊர் கூடியது. செத்தான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் எல்லாமே சரியாகப் போய்விடும். வண்டி இது இல்லாமலே போகும், ஆடுகளுக்குக் காவல் இருக்கும், கல்யாணங்கள் விளங்கும். செத்தவன் கொங்காடையைத் தைக்கக் கூடாது என்பதால் அது என்றைக்கும் போகாது, எனிக்காவுக்கு எதிரே அந்தத் தோள் உட்கார்ந்தே இருக்கும். சொல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். "ஒட்டக மயிர் ஒட்டு வெச்ச வரைக்கும் உசுரோட இருந்தானுங்க. அந்தக் கிழிசலுக்குப் பொறவு என்னாச்சுன்னு என்னால சொல்ல முடியாது" என்று மால்க்கு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். செனோவர் எனிக்காவைப் பார்த்தார். "அம்மிணி, நாங்க யாரு சொல்றதுக்கு? நீதான் சொல்லோணும்." எனிக்கா, "கருமாதிக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றாள்.

அவளைத் திட்டாதீர்கள். அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள். நானும்தான்.

கருமாதி அன்றைக்குக் காலையிலேயே வீட்டில் இடம் கொள்ளாத கூட்டம். செத்தவனுடைய கொங்காடையே வாசலில் எழுந்து நின்று வருகிறவர்களுக்கு வழி விட்டது, வந்தவர்களும் அதனிடமே துக்கம் விசாரித்துவிட்டு உள்ளே வந்தார்கள். முறை இதுதான்: சாவு வீட்டில் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும், பிறகு பெண்டாட்டி கொங்காடையின் கழுத்து வாரை அறுத்து, செத்தார் என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். ஆலோனா அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். புகை போய், வீடு மெல்ல மெல்லச் சில்லிட்டது. எனிக்கா கத்தியை எடுத்துக்கொண்டு கொங்காடைக்கு முன்னால் போய் நின்று கழுத்து வாரைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

கொங்காடை நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ஓரத்து மயிர் மட்டும், பிறகு விலா, பிறகு தலைக்கூம்பு வரைக்கும், காய்ச்சல்காரன் உடம்பு நடுங்குகிற மாதிரி நடுங்கியது. வந்த நாளிலிருந்து அடுப்புப் பக்கத்திலும் ஆட்டு மந்தைக்குள்ளும் கல்யாணக் கூட்டத்துக்குள்ளுமே இருந்ததால் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. "ஏனுங்க்கா, கம்பளிக்கெல்லாம் குளுருமா?" என்று ஆலோனா கேட்டாள்.

"கம்பளிக்கு எப்பிடிக் குளுரும்?" என்றாள் எனிக்கா. "போட்டிருந்தவனுக்குத்தான் குளுரும். அடியே, உசுரோட இருக்கறாரு. எங்கியோ உக்காந்து நடுங்கிட்டிருக்கறாரு. உன்கிட்டயே அனுப்பறேன்னு சொன்னாரு, சொன்ன மாதிரியே அனுப்பிட்டு, வரும் வரும்னு பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. நான் பாவி, அடுப்புக்கு எதுக்க வெச்சுக் கதை பேசிட்டிருந்தேன்! ஊசி எங்க? ஊசியைக் குடுங்க!"

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. கிழிந்த கொங்காடை வாசலுக்கு வந்தால் எதிரிக்கும் தைத்துக் கொடுக்கிற ஊர், அதிசயத்தைப் பார்த்த பராக்கில், அதை மந்தைக்கும் கல்யாணத்துக்கும் அனுப்பிவைத்துக்கொண்டு இருந்துவிட்டது. செனோவர் தலையில் அடித்துக்கொண்டார். "தூத்தேறி, நாமெல்லாம் மனுசங்களா? ஓடுங்க, ஓடுங்க!" ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒருத்தி அந்த வருஷத்துச் செம்மறி ரோமத்தைப் பிசுக்கோடு அள்ளி வந்தாள், ஒருத்தி நூற்றுவைத்த இழையைக் கதிரோடு கொண்டு வந்தாள். செருப்புத் தைக்கிறவன் தன்னிடமிருந்த மெல்லிய ஆட்டுத்தோலைக் கொடுத்தான், உள்ளே கொடுத்துத் தைத்தால் காற்று புகாது என்றான். மால்க்கு வீட்டுக்கு ஓடி, தன் பழைய பட்டாளத்துப் பையின் அடியிலிருந்து ஒரு பிடி ஒட்டக மயிரை எடுத்து வந்தார். ஊரை விட்டு வரும்போது கொண்டுவந்ததாம், அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவாராம், பெண்டாட்டிக்கே அன்றுதான் தெரிந்தது. ஆலோனா அணைத்த அடுப்பை மறுபடி மூட்டினாள். சாவு வீட்டில் அணைத்த அடுப்பைக் கருமாதி முடியாமல் மூட்டக் கூடாது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனிக்கா எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கினாள். செம்மறியும் வெள்ளாடும் ஒட்டகமும் ஒரே இழையாகப் போயின. ஆட்டுத்தோலை உள்ளே கொடுத்து, இழைக்கு இழை பிடித்து, கிழிசல் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாத மாதிரி நெய்து மூடினாள். அப்படி ஒரு தையலை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தைக்கத் தைக்க நடுக்கம் குறைந்தது. கடைசி இழையைப் பல்லால் கடித்தாள். கடித்ததும் கொங்காடை எழுந்தது. எழுந்து வாசல் வரை போய், கூரைத் தண்ணீருக்கு இந்தப் பக்கம், வந்த நாளில் நின்ற மாதிரியே தயங்கி நின்றது.

எனிக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து ஊசியைத் துடைத்து ஆலோனா கையில் கொடுத்தாள். "தறியில பாதித் துணி நிக்குது, முடிச்சு வண்டியில ஏத்திவிட்டுரு. ஆடு ரெண்டும் உன்னுது. அடுப்பை அணைய விட்டுறாதே."

"எங்கீங்க்கா போறீங்க? மால்க்கு மாமா ஊரு எங்கியோ கிடக்குதாமே, கடலெல்லாம் தாண்டோணுமாமே!"

"வழி அதுக்குத் தெரியுமில்ல, அத்தனை தூரம் தனியாவே வந்திருக்குது. போயிக் குடுத்துட்டு, ஏன் இத்தனை நாளாச்சுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் யோசனையா இருக்குது" என்றாள். சொல்லிக்கொண்டே வாசலில் நின்ற கொங்காடைக்குள் தலையை நுழைத்தாள். அது அவள் உயரத்துக்கு இறங்கி, தோளில் பொருந்திக்கொண்டது. கழுத்து வாரை அவளே இறுக்கிக் கட்டினாள்.

மழைக்குள்ளே கொங்காடை மலைப்பாதையில் ஏறிப் போவதை ஊரே நின்று பார்த்தது. வந்தபோது சேற்றில் உரசின கோடு மட்டும் இருந்தது. போகும்போது எனிக்காவின் பாதச் சுவடு இருந்தது, குதிகால் ஆழமாகப் பதிந்து, வேக வேகமாக நடந்த சுவடு. ஆலோனா ஒரு சுவட்டில் தன் காலை வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துகொண்டாள்.

மழைக்காலம் முடிந்து வண்டியோடு கணக்கர் வந்தார். செத்தானா, இருக்கிறானா என்று கேட்டார். "ரெண்டு பேரும் இருக்கறாங்க" என்றார் செனோவர். எந்த ரெண்டு பேர் என்று கணக்கருக்கு விளங்கவில்லை, அவருக்குச் சளி பிடித்திருந்தது. கிளம்பும்போது ஆலோனா அவருக்கு ஒரு கொங்காடையைப் போட்டுவிட்டாள், துவைக்காத ரோமம், ஆட்டு நாற்றம் அடிக்கும், மனுஷன் முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் தும்மினதாகக் கேள்வி இல்லை.

எனிக்கா திரும்பி வரவில்லை. லோவெர்னும் வரவில்லை. அந்த ஊரில் இருவருக்கும் கருமாதி செய்யவே இல்லை. ஆலோனா வயசான பிறகும் எனிக்கா வீட்டு அடுப்பையும் சேர்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். மழைக்காலம் தொடங்கினால் அந்த ஊசியில் நூலைக் கோர்த்துத் தோளில் குத்திவைத்துக்கொண்டு மலைப்பாதையைப் பார்த்தபடியே வேலை செய்வாள். ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் எவளாவது கதையைக் கேட்டுவிட்டு, "ஐயோ பாவம், அந்தக்கா போயிச் சேந்தாங்களோ என்னமோ, கடைசி வரைக்கும் ஒரு சேதியும் இல்லையே" என்று மூக்கைச் சிந்தினால் ஆலோனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அந்தக் கொங்காடை மறுபடியும் இந்த வாசலுக்கு வந்துதா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்ன? அங்க யாரும் குளுர்ல உக்காந்திருக்கலை. போயி வேலையைப் பாரு."